மத்தியான பீக்

காலையில் நாலு நிமிஷம், மத்தியானம் ஒரு நிமிஷம். இந்த இரண்டு எண்களால்தான் தங்கப்பாண்டி அண்ணனுக்கு வேலை போனது.

மதுரையை ஒட்டிய பரவையில் இருக்கிறது எங்கள் ஆய்வகம். கம்பெனிகள் அனுப்பும் சிரப்பில் எந்த மருந்து எவ்வளவு என்று பார்த்துச் சொல்வோம். எண்ணெய்ப் பூச்சுள்ள பொடியை அடைத்த எஃகுக் குழாய் வழியாக ஒரு பம்ப் சிரப்பைத் தள்ளும். ஒவ்வொரு மருந்தும் கொஞ்ச நேரம் பொடியில் தங்கி, பிறகு வெளியே வந்து திரையில் ஒரு பீக்காக, கூம்புக் கோடாக, எழும்ப வேண்டும். பி6 விட்டமினுக்கு எண்ணெய் ஆகாது, தண்ணீர்தான் உறவு. தங்காமல் முதல் நிமிஷத்திலேயே சர்க்கரைப் பாகோடு ஓடிவிடும். ஆறு வாரம் மெனக்கெட்டு, குழாயில் ஓடும் அசிட்டோநைட்ரைல் என்ற கரைப்பானைக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் வெறும் அமிலத் தண்ணீரில் அதை நாலு நிமிஷம் நிறுத்தினேன்.

ஆனால் இரண்டு மணிக்கு அண்ணன் ஷிப்டுக்கு வந்தால் பீக் மறுபடி ஒரு நிமிஷத்துக்கு ஓடிவிடும். தினமும் இதே கூத்து.

"அவரு கை பட்டாலே கெட்டுப்போகுது. நோட்டுல எழுதும்மா," என்றார் மேனேஜர் கிருஷ்ணபிரசாத். 'தங்கப்பாண்டி கையாண்டதால் குழாய் கெட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டது நான்தான். மறு வாரம் அவரை அனுப்பிவிட்டார்கள்.

அதற்கு மறுநாளே ரமலான் பிறந்தது. இரண்டு ஷிப்டும் என் தலையில். நாள் முழுக்க பீக் நாலு நிமிஷத்திலேயே நின்றது. "ஆளு போனதும் சரியாச்சு பாத்தியா?" என்றார் சார். என் வேலையை நிரந்தரமாக்கும் கடிதம் தயார் என்றும் சொன்னார்.

பதினொன்றாம் நோன்பன்று என்னால் முடியவில்லை. விடியுமுன் ஸஹர் சாப்பாட்டுக்கு எழுந்த கண் எரிந்தது. ஒரு மணிக்கு பம்பை நிறுத்திவிட்டு ஓய்வறையில் போய்ப் படுத்தேன். ஆள் இல்லாத அறையில் ஃபேன் ஓடினாலே அம்மா ஹாஜரா வீட்டை இரண்டாக்கிவிடுவாள். அப்படி வளர்ந்த கை. நோன்பு வரும்வரை தினமும் ஒரு மணிக்குச் சாப்பிடப் போகும்போது இப்படித்தான் நிறுத்தியிருக்கிறேன். மறுபடி ஓட்டுவது இரண்டு மணிக்கு வரும் அண்ணன்தான்.

இரண்டு மணிக்கு மறுபடி ஓட்டினேன். பீக் ஒரு நிமிஷத்தில் வந்தது.

திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் புரிந்தது. வெறும் தண்ணீர் ஓடும்போது பம்பை நிறுத்தினால் அழுத்தம் போய்விடும். எண்ணெய்ப் பொடியின் நுண்துளைகள் தண்ணீரை வெளியே தள்ளிவிடும். அப்புறம் பி6 தங்க இடம் ஏது? மெத்தனால் விட்டுக் கழுவினேன். நாலு நிமிஷம் திரும்பி வந்தது. சாயங்காலம் மூடும்போது தினமும் மெத்தனாலில் கழுவுவதால்தான் காலையில் எல்லாம் சரியாக இருந்திருக்கிறது.

எங்கள் நோட்டில் எதையும் அழிக்கக் கூடாது. தப்பை ஒரே கோட்டால் அடித்து, கீழே இருப்பது படிக்கும்படி விட்டு, காரணம் எழுதிக் கையெழுத்திட வேண்டும். அண்ணன் பெயர் இருந்த வரியை அடித்தேன். 'மதிய இடைவேளையில் பம்பை நிறுத்தியது நான். சுஃபியா' என்று எழுதி சாரிடம் நீட்டினேன்.

"யாரும் கேக்காதப்ப இது தேவையாம்மா?"

"அவரு பேரு இருக்குல்ல சார்."

"அவரத் திரும்பக் கூப்புட முடியாது. உன் லெட்டரும் இந்த மாசம் வராது."

தலையாட்டிவிட்டு வந்தேன். சண்டை போடத் தெம்பில்லை. பஸ் ஸ்டாப்பில் நின்று அண்ணனுக்குப் போன் போட்டேன். மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன்.

"இப்ப மத்தியானம் எம்புட்டுல வருது?"

"நாலுலதாண்ணே."

"வேல போனதுலருந்து, எம்மேல தப்பில்லன்னா வீட்டுல ஒருத்தியும் நம்பல. வீட்டுக்குப் போயி ஏழு மணிக்குக் கூப்புடுறேன். இத எம் பொண்டாட்டிகிட்ட நீயே சொல்லு."

நோன்பு திறந்த கையோடு, கஞ்சியைக்கூட முடிக்காமல், போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஏழு மணிக்கு அடித்தது. ஒரு பெண் குரல், "சொல்லுங்க," என்றது. முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.