வால்வைத் திருகிய நேரம்

செண்பகனூர் பஸ் ஸ்டாப்புக்கு எதிரே இருந்த டெலிபோன் பூத்தில் டெனிஸ் அன்றைக்கு நான்காவது முறையாகச் சென்னை நம்பரை அழுத்தினான். ஜூன் மாதத்து மூடுபனி கதவிடுக்கு வழியாக உள்ளே வந்துகொண்டிருந்தது. இந்த முறை கப்பல் கம்பெனி ஏஜெண்ட் சிவராமனே எடுத்தார்.

“ஒரு லெட்டர் அனுப்பியிருக்கேன், டெனிஸ். கையெழுத்துப் போட்டு அனுப்புங்க. அடுத்த மாசமே கப்பல் ஏறிடலாம்.”

“என்ன லெட்டர் சார்?”

“படிச்சுப் பாருங்க. உங்க நல்லதுக்குத்தான்.” வைத்துவிட்டார்.

டெனிஸ் பதினொரு வருடமாகச் சரக்குக் கப்பல்களின் இன்ஜின் அறையில் ஆயிலர். இயந்திரங்களுக்கு எண்ணெய் விடுவது, துடைப்பது, சொன்ன வால்வைச் சொன்ன நேரத்தில் திருகுவது. ஐரோப்பாவின் வடபகுதிக் கடல் ஒன்றில் இரண்டு வருடமாகப் புதுச் சட்டம். அதற்குள் நுழைகிற கப்பல், கந்தகம் மிகுந்த கறுப்பு எண்ணெயை நிறுத்திவிட்டு, கந்தகம் குறைந்த, விலை கூடிய எண்ணெய்க்கு மாறிவிட வேண்டும். கரையோரத்து ஜனங்களின் நெஞ்சுக்குள் கப்பல் புகை போகக் கூடாது என்பதற்காக. போன மார்ச்சில், இரவு பத்து மணிக்கு அந்த எல்லையைத் தாண்டி, ஒன்பது மணி நேரம் கழித்துத்தான் சீஃப் இன்ஜினியர் எண்ணெயை மாற்றச் சொன்னார். பதிவேட்டில், நுழைவதற்கு முன்பே மாற்றியதாக எழுதிக்கொண்டார். துறைமுகத்தில் கப்பலேறிய பெண் அதிகாரி குழாயிலிருந்து எண்ணெய் மாதிரி எடுத்தாள். பக்கத்தில் நின்ற டெனிஸிடம், எண்ணெயை மாற்ற வால்வைத் திருகியது யார், எத்தனை மணிக்கு என்று கேட்டாள். நான்தான், காலை ஏழு மணிக்கு என்றான் அவன். வீரமெல்லாம் ஒன்றுமில்லை. கேட்டாள், சொன்னான். கப்பலை நான்கு நாள் பிடித்துவைத்தார்கள். ஐந்தாம் நாள் கம்பெனி அவனை விமானம் ஏற்றி ஊருக்கு அனுப்பிவிட்டது.

லெட்டர் இரண்டு நாளில் வந்தது. பள்ளிக்கூட ஹாஸ்டல் சமையலறையில் வேலை முடிந்து டவுன் பஸ்ஸில் திரும்பிய ஆக்ஸிலியா, பையைக்கூடக் கீழே வைக்காமல் அதை வாங்கிப் படித்தாள். கணவனைவிட அவளுக்கு இங்கிலீஷ் நன்றாக வரும்.

“அசதியில இருந்தேன், நேரத்தைத் தப்பாச் சொல்லிட்டேன்னு எழுதிருக்கு. அவ்வளவுதான? போட்டுக் குடுத்துட்டுப் போங்க.”

“நான் தப்பாச் சொல்லலையே.”

“அது யாரு கடலு? அதுல உங்களுக்கு என்ன சோலி? மகளுக்கு ஸ்கூல் தெறந்து மூணு வாரமாச்சு. இன்னும் பழைய ஷூவத்தான் மாட்டிக்கிட்டுப் போறா.”

அவனை அரித்துக்கொண்டிருந்தது வேறு. அந்தக் கடலை விட்டு வெளியேறியதும் முதல் வேலை, வால்வைத் திருப்பிக் கறுப்பு எண்ணெய்க்கு மாற்றுவதுதான். முந்தைய பயணங்களில் அதையும் இவன் கையால்தான் செய்திருக்கிறான். இந்தப் பக்கத்துக் கடல்களுக்கு வந்து சேரும்வரை, வந்த பிறகும், அதே எண்ணெய், அதே புகை. அக்கா புஷ்பமேரி ஒரு துறைமுக ஊரில்தான் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். அவள் வீட்டு ஜன்னல் கட்டையை விரலால் தொட்டால் விரல் கறுக்கும். பிள்ளைக்கு வீசிங். எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவனுக்கு மட்டுந்தான் நெஞ்சு என்று எவன் முடிவு செய்தான்?

“இங்க ஒருத்தரும் ஏறி வந்து எங்கிட்டக் கேட்டதில்ல, ஆக்ஸி. பதினொரு வருசத்துல அவ ஒருத்திதான் கேட்டா. அவகிட்டயும் பொய்யா?”

“கேட்டவ உங்களுக்கு வேலை தருவாளா?”

அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். பாத்திரங்கள் சத்தமாக விழுந்தன.

மறுநாள் அவன் லெட்டரிலிருந்த அந்த வரியை அடித்துவிட்டு, அதன் கீழே ‘காலை ஏழு மணி’ என்று இங்கிலீஷில் எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்பினான். சிவராமன் ஒரே ஒரு முறை பேசினார். “ஏன் சார் இப்படிப் பண்றீங்க? உங்க ஃபைலை மூடிட்டோம்.” வேறு ஏஜெண்டுகளுக்கும் போன் போட்டுப் பார்த்தான். பெயரைச் சொன்னதுமே குரல் மாறியது.

ஆகஸ்டில், மலைமேல் கவுஞ்சி கிராமத்தில் வேலை கிடைத்தது. கந்தவேல் என்பவரின் தோட்டத்துக் கேரட்டை, குளிர்ந்த தொட்டித் தண்ணீரில் இறங்கி நின்று மண் போகத் தேய்க்க வேண்டும். அரை மணி நேரத்தில் முழங்காலுக்குக் கீழே காலே இல்லாதது போலாகிவிடும். ஒரு நாள் காலையில், சரக்கேற்ற வந்த லாரி தொட்டியை ஒட்டி நின்று, இன்ஜினை நிறுத்தாமல் புகையைக் கக்கிக்கொண்டிருந்தது. கழுவிக் குவித்த கேரட் மேலேயே புகை படிந்தது. டெனிஸ் ஈரக் காலோடு போய் டிரைவரிடம் சொன்னான்.

“கொஞ்சம் ஆஃப் பண்ணுங்கண்ணே.”

“பேட்டரி வீக்குங்க. ஆஃப் பண்ணுனா இந்த மேட்டுல நீங்க தள்ளிவிடுவீகளா?”

“அப்ப முன்னால போயாச்சும் நிறுத்துங்க.”

டிரைவர் சிரித்துக்கொண்டே கண்ணாடியை ஏற்றினார். மேலேயிருந்து கந்தவேல் கத்தினார். “வெரசாக் கழுவுங்க டெனிஸ்! லாரிக்காரர்கிட்ட என்ன பேச்சு?”

டெனிஸ் ஓரமாகக் கிடந்த ஈரச் சாக்கை உதறிக் குவியலின் மேல் விரித்தான். சாக்கு போதவில்லை. இந்தப் பக்கம் இழுத்தால் அந்தப் பக்கம் திறந்துகொண்டது. அவன் சுற்றிச் சுற்றி வந்து இழுத்துக்கொண்டிருந்தான்.