மூன்றாம் பக்கம் இல்லாத வரவேற்புரை

1

இந்தக் கதையை நான் என் மகளிடமிருந்து திருடினேன். அவளுடைய கல்லூரி அறிமுக நாளன்று, பெற்றோருக்கு ஒதுக்கிய கடைசி வரிசையில் நானும் இருந்தேன்தான். ஆனாலும் கதை அவளுடையது. எழுதட்டுமா என்று கேட்டேன்.

"எழுதுங்க. என்னை நல்ல பொண்ணாக்கிடாதீங்க, அவ்வளவுதான்."

முதல் வரி இப்படி இருந்தது: கனவுகள் சுமந்த கண்களோடு அவள் அந்த வாசலில்...

தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "அப்பா, இது மேடையில பேசினவங்க எழுதினது மாதிரியே இருக்கு!"

அந்த வரியை அடித்துவிட்டேன்.

2

அது அவளுக்கு இரண்டாவது அறிமுக நாள். முந்தைய வருடம் வேறொரு கல்லூரியில் சேர்ந்து, நாலே மாதத்தில் பெட்டியோடு வீடு திரும்பினாள். ஏன் என்று கேட்டால், "பிடிக்கல." அதற்கு மேல் ஒரு சொல் வாங்க முடியாது. நானும் அவள் அம்மாவும் கேட்பதையே நிறுத்திவிட்டோம். (இந்த ஒரு வரியை எழுத அரை மணி நேரம் ஆனது. நிறுத்தியிருக்கக் கூடாது.)

அன்று காலை கையில் ஒரு தாள் வைத்திருந்தாள். கட்டம் கட்டமாகக் கோடு போட்டு, மேடையில் என்னென்ன வரும் என்று முன்கூட்டியே எழுதியிருந்தாள். 'வானமே எல்லை.' 'நீங்கள் எங்கள் குடும்பம்.' 'சுருக்கமாக முடித்துக்கொள்கிறேன்.' யாராவது சொன்னால் டிக். பக்கத்தில் வந்து உட்கார்ந்த, முன்பின் தெரியாத சோடாபுட்டிக் கண்ணாடிக்காரிக்கும் ஒரு பிரதி கொடுத்தாள்.

முதலில் பேசியவர் சுருக்கமாக முடிப்பதாக மூன்று முறை சொன்னார். நாற்பது நிமிடம் பேசினார். நாலாவது வரிசையில் அவர்கள் இருவரின் தோள்களும் குலுங்குவதைப் பின்னாலிருந்து பார்த்தேன். மகள் சிரித்துப் பார்த்து ஒரு வருடமாகியிருந்தது.

3

(கல்லூரி முதல்வரைக் கொடுங்கோலராக்கிவிடலாமா என்று யோசித்தேன். கதைக்கு வசதி. ஆனால் மனிதர் ஒல்லியாக, கூச்சமாக, மைக்கைப் பார்த்தே பயப்படுகிறவராக இருந்தார். என்ன செய்ய?)

அவர் தாளைப் பார்த்துப் படித்தார். "வெற்றி என்பது ஓர் இலக்கு அல்ல..." பக்கத்தைப் புரட்டினார். மூன்றாம் பக்கத்தைக் காணோம். (காற்றில் பறந்தது என்று எழுதியிருந்தேன். மகள் திருத்தினாள்: "பறக்கல. அவர் எடுத்துட்டே வரல.")

"வெற்றி என்பது ஓர் இலக்கு அல்ல..." என்றார் மறுபடியும், பாவமாக.

"அது ஒரு பயணம், சார்!"

அரங்கம் சிரிப்பில் அதிர்ந்தது. குரல் என் மகளுடையது.

"உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"போன வருஷம் வேற காலேஜ்ல கேட்டேன் சார். அடுத்து விதை, மரம் வரும்."

அவர் நாலாம் பக்கத்தைப் பார்த்தார். "அட, வருதே!" அவரே சிரித்துவிட்டார். "சரி, மேல வா. இதெல்லாம் வேண்டாம்னா வேற என்ன சொல்லணும்? நீயே சொல்லு."

4

மேடையேறியபோது அவள் முகத்தில் கிண்டல் இல்லை. தாளைச் சுருட்டிச் சுருட்டிப் பென்சில் மாதிரி ஆக்கியிருந்தாள்.

"டாய்லெட் எந்தப் பக்கம்? கேன்டீன் எப்ப திறக்கும்? இதைச் சொன்னா போதும் சார். அப்புறம்..." தாளை இன்னும் இறுக்கிச் சுருட்டினாள். "பாடம் புரியலன்னா யார்கிட்டப் போய்க் கேக்கணும்? போன வருஷம் எனக்கு எதுவுமே புரியல. எல்லாருக்கும் புரியுதுன்னு நினைச்சுட்டேன். கேக்க வெக்கமா இருந்துச்சு. வீட்டுக்குப் போயிட்டேன்."

இந்தப் பதிலுக்காகத்தான் இத்தனை மாதமாக நான் காத்திருந்தேன். நானூறு பேரோடு சேர்ந்து கேட்டுக்கொண்டேன். கண்ணைத் துடைத்...

(வேண்டாம். அவளுக்குப் பிடிக்காது.)

சோடாபுட்டிக் கண்ணாடிக்காரி எழுந்து நின்றாள். "எனக்கும் அதே பயம்தான் சார்." இன்னொருவன் எழுந்தான். அப்புறம் ஒரு வரிசையே எழுந்தது.

முதல்வர் தன் பேச்சை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "என் ரூம் முதல் மாடி. எப்ப வேணா வாங்க. கதவைச் சாத்த முடியாது, தாழ்ப்பாள் உடைஞ்சிருக்கு." கணக்குப் பேராசிரியை இருந்த இடத்திலிருந்தே கத்தினார்: "நான் மூணாவது மாடி! லிஃப்ட் ஓடாது!" (லிஃப்ட் மெக்கானிக்கான எனக்குக் கை அரித்தது.) கேன்டீன்காரர் வாசலிலிருந்து கையாட்டினார்: "எட்டு மணிக்குத் திறந்துடுவேன்!" கைதட்டல் அவருக்குத்தான் அதிகம்.

5

இனி முடிவு. பட்டம் வாங்கி அதே மேடைக்குச் சிறப்பு விருந்தினராக வருகிறாள் என்று எழுதிக் காட்டினேன். "ஐயோ, அப்ப நானும் நாற்பது நிமிஷம் பேசணுமா?" என்று குறுக்கே கோடு போட்டாள். மறுபடியும் கல்லூரியை விட்டு வீட்டோடு இருந்துவிடுகிறாள் என்பது இன்னொன்று. அதை எழுத எனக்குத் துணிவில்லை.

மூன்றாவதை யோசித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அவள்தான், கல்லூரியிலிருந்து.

"அப்பா, இன்னைக்கு நடத்தினது சுத்தமா புரியல. கேட்டுட்டு வரேன், லேட்டாகும்."

வைத்துவிட்டாள்.

முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு இப்போது நேரமில்லை. சமையலறைக்கு ஓடிப்போய் அவள் அம்மாவிடம் சொல்ல வேண்டும்:

"ஏய், கேட்டியா! உன் பொண்ணுக்குப் பாடம் புரியலையாம்!"