பை போட்ட சீட்

15 ஜூன் 2025, ஞாயிறு

இன்று ஒரு சின்னத் தப்பு செய்தேன். கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் பஸ்ஸின் போர்டைப் படித்தேன், கண்டக்டரைக் கேட்கவில்லை. ‘சின்ன’ என்ற சொல்லை அடிக்கலாமா என்று யோசித்துவிட்டு அப்படியே விட்டிருக்கிறேன். கம்பெனியில் எனக்குச் செக்கிங் வேலை. லேபிளை மட்டும் பார்த்து எந்தப் பெட்டியையும் அனுப்பக் கூடாது என்று புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லித் தருவதே நான்தான்.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

ரெபேக்கா மிஸ் மலேசியாவில் ஈப்போ ஊர்க்காரர். மிஷனரி. ஓசூர் சர்ச் ஹாலில் எங்களுக்கு மாலை நேர ஆங்கில வகுப்பு எடுத்தார். டைரி எழுதச் சொன்னதும் அவர்தான். நான் கோவிலுக்குப் போகிறவன் என்பது அவருக்குத் தெரியும். அதைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை. வகுப்பு முடிந்ததும் அவர் கொஞ்ச நேரம் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். நாங்கள் பைக் சாவியைத் தேடுவதுபோலத் தலையைக் குனிந்துகொண்டிருப்போம்.

இன்று இரவு பெங்களூரிலிருந்து அவருக்கு விமானம். விசாவும் இன்றோடு முடிகிறது. போவதற்கு முன், எங்கள் வகுப்பில் படிக்கும் சரிதாவின் அம்மா கையால் ஒரு வேளை சாப்பிட வேண்டும் என்று மத்தூர் போனார். துணைக்கு நான். சாப்பிட்டு முடித்து, கிருஷ்ணகிரி வந்து, ஓசூர் பஸ்ஸுக்கு நின்றோம்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். திங்கள் காலை ஷிஃப்டுக்குத் திரும்புகிறவர்கள் பாதிப் பேர். ‘ஓசூர் – கிருஷ்ணகிரி’ என்ற போர்டோடு ஒரு பஸ் உள்ளே வந்ததும், இறங்குகிறவர்கள் இறங்கும் முன்னே ஜன்னல் வழியாகத் துண்டுகளும் பைகளும் உள்ளே போயின. என்னிடம் துண்டு இல்லை. கர்சீப் போட்டால் யாரும் மதிக்க மாட்டார்கள்.

“மிஸ், பையக் குடுங்க.”

பிடித்துக்கொள்ளத்தான் கேட்கிறேன் என்று நினைத்துக் கொடுத்தார். நான் எம்பி, ஜன்னலுக்குள் கையை விட்டு, மூன்றாவது வரிசை சீட்டில் அதைப் போட்டேன்.

“ஐயோ பூபதி, என்னலா செய்றே!” பதறினால் மிஸ் பேச்சில் மலேசிய ‘லா’ வந்துவிடும்.

“சீட்டு பிடிச்சாச்சு மிஸ். இனிமே யாரும் உக்கார மாட்டாங்க.”

பெருமையாகத்தான் சொன்னேன். சீட் இருக்கிறதே, அவசரமில்லை என்று மிஸ் பாத்ரூம் போனார். நான் தண்ணீர் பாட்டில் வாங்கப் போனேன். இருவரும் திரும்பி வந்தபோது பஸ் இல்லை.

டைம் ஆபீஸ் ஜன்னலில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“அது ராயக்கோட்ட வண்டிப்பா. ஓசூருலருந்து வந்துச்சு, ராயக்கோட்டைக்குப் போவுது.”

“போர்டுல ஓசூர்னு இருந்துச்சே சார்?”

“போர்டு முடிஞ்ச டிரிப்போடது. எடுக்கறப்பதான் மாத்துவாங்கோ. இதுகூடத் தெரியாதா?”

பாஸ்போர்ட் பைக்குள். டிக்கெட் பைக்குள். போனும் பைக்குள். என் போனிலிருந்து அடித்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்து நின்றது. மறுபடி அடித்தேன். அதே கதை. மிஸ்ஸின் முகத்தைப் பார்க்க முடியாமல் தரையில் கிடந்த டிக்கெட் துண்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாஸ்போர்ட் இல்லாத வெளிநாட்டுக்காரருக்கு எந்த லாட்ஜிலும் ரூம் தர மாட்டார்கள். ஊருக்கும் போக முடியாது, இங்கேயும் இருக்க முடியாது. அவரை இந்தச் சிமென்ட் கூரைக்கு அடியில் அடைத்து வைத்தது நான்தான்.

தண்ணீர் விற்ற கடைக்காரர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். மிஸ் கழுத்தில் இருந்த சிலுவையைப் பார்த்தார்.

“ஏம்மா, ஜெபம் பண்ணா பஸ்ஸு ரிவர்ஸ்ல வருமா?”

எனக்குச் சுருக்கென்றது. மிஸ் சிரித்துவிட்டார். “வந்தா முதல்ல உங்களுக்குத்தான் சொல்வேண்ணே.”

அடுத்த முறை அடித்தபோது எடுத்தார்கள். பஸ் இரைச்சல். நடுவே ஒரு பெண் குரல்.

“ஆரு?”

“அம்மா, அந்தப் பை எங்களோடதும்மா...”

“அட, நீதானா! பைய போட்டுட்டு எங்கய்யா போயிட்டே? கண்டக்டரு என்னைய உக்காரு உக்காருங்கறாரு. சீட்டுக்காரங்க வருவாங்கன்னு நானும் நின்னுக்கினே வர்றேன், ஒருத்தரையும் உக்கார உடல.”

“பஸ்ஸு கெளம்பிருச்சேம்மா. அப்புறம் நாங்க எப்படி வருவோம்?”

“பையி இங்க இருக்குதே. பையி இருந்தா ஆளு வராம போயிருமா?”

ஏன் முன்பே போனை எடுக்கவில்லை என்று கேட்டேன்.

“அடுத்தவங்க பைய எப்படித் தொறக்கறது? உடாம அடிக்குதுன்னு இந்தக் காலேஜு பொண்ணுதான் ஜிப்பத் தொறந்து எடுத்துக் குடுத்துச்சு.”

நாங்கள் ஓசூர் போக வேண்டியவர்கள் என்றேன். தன் பெயர் நாராயணம்மா என்றார். ராயக்கோட்டையிலிருந்து அவர் தம்பி ராமப்பன் தக்காளி லோடு ஏற்றிக்கொண்டு ஓசூர் போகிறாராம். “நானும் அந்த வண்டில ஏறி வந்துர்றேன். ஓசூரு பஸ் ஸ்டாண்டு வாசல்ல நில்லுங்க” என்றார். எந்த வாசல் என்று கேட்பதற்குள் லைன் போய்விட்டது. திரும்ப அடித்தால் ஸ்விட்ச் ஆஃப். காலையிலேயே சார்ஜ் குறைவாக இருந்தது என்றார் மிஸ்.

போலீசில் எழுதிக் கொடுத்துவிடலாம் என்றேன். ராயக்கோட்டைக்கே துரத்திப் போகலாம் என்றேன். யாரென்றே தெரியாதவர் கையில் பாஸ்போர்ட்டை விட்டுவிட்டு எப்படி ஓசூருக்குப் போவது? அங்கே அவர் வரவில்லை என்றால் தேடக்கூட நேரம் இருக்காது. மிஸ் ஓசூர் பஸ் நிற்கும் பக்கம் நடக்க ஆரம்பித்தார்.

“அந்தம்மா ஒரு காலி சீட்டை நம்பி நின்னுட்டே போறாங்க, பூபதி. நாம அவங்கள நம்பி உக்காந்துட்டாவது போவோம்லா.”

உட்கார இடம் கிடைக்கவில்லை. இந்த முறை கண்டக்டரை இரண்டு தடவை கேட்டேன், “ஓசூருதாய்யா, எழுதித் தரட்டுமா?” என்றார். நின்றுகொண்டே போனோம். சூளகிரி தாண்டவில்லை, மழை பிடித்துக்கொண்டது. ஷட்டரை எல்லாம் இறக்கிவிட்டார்கள். முன்னால் ஏதோ லாரி பழுதாகி நிற்க, பஸ்ஸும் நின்றது. உள்ளே ஈரத்துணி வாடையும் புழுக்கமும். முன்னேயும் போக முடியாது, இறங்கவும் முடியாது. என் தோளில் ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். அந்த அம்மா போன் அணைந்ததும் மனம் மாறியிருந்தால்? வழியில் பை கைமாறியிருந்தால்? ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தேன். மிஸ்ஸின் உதடுகள் அசைந்தன.

“ஜெபமா மிஸ்?” என்று கேட்டேன். இதற்கு முன் கேட்டதே இல்லை.

“ஜெபம்னுதான் ஆரம்பிச்சேன். ‘பாஸ்போர்ட், பாஸ்போர்ட்’னுதான் வருது.” கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். “ஊர்ல நின்னு விசுவாசத்தப் பத்தி நல்லாப் பேசுவேன். இங்க மூச்சு முட்டுது.”

எனக்கும் முட்டியது. ஆனால் அதைக் கேட்டதும் அவர் பக்கத்தில் நிற்பது முன்னைவிடக் கொஞ்சம் எளிதாக இருந்தது.

ஓசூரில் இறங்கியபோது, சபையைச் சேர்ந்த பிரகாஷ் அண்ணன் மிஸ்ஸின் பெட்டியைக் காரில் ஏற்றித் தயாராக நின்றார். வாசலில் நாராயணம்மா இல்லை. பஸ்கள் உள்ளே நுழையும் வாசலுக்கும் வெளியேறும் வாசலுக்கும் மாறி மாறி ஓடினேன். “இன்னும் கொஞ்ச நேரம்தான். அப்புறம் கெளம்பினா பெங்களூரு டிராஃபிக்ல பிளைட்டப் பிடிக்க முடியாது” என்றார் பிரகாஷ் அண்ணன். மிஸ் தூணில் சாய்ந்து நின்றார். தக்காளி ஏற்றிய வண்டி எது போனாலும் கையை ஆட்டினேன். ஒருவர் நிறுத்தி, எத்தனை பெட்டி தக்காளி வேண்டும் என்று கேட்டார்.

கடைசியில் ஒரு வண்டி எங்களைத் தாண்டிப் போய் நின்றது. டிரைவர் பக்கத்திலிருந்து ஒரு அம்மா, நெற்றிக் குங்குமம் மழையில் கரைந்திருக்க, இறங்கினார். மடியில் இருந்தது அப்படியே கையில் வந்தது: மிஸ்ஸின் நீலப் பை, சிவப்புத் துண்டில் சுற்றி இரண்டு முடிச்சுப் போட்டு. போன் மட்டும் தனியாக இன்னொரு கையில்.

“போன திரும்ப உள்ள வெக்கலாம்னா மறுபடி பைய தொறக்கணும். அதான் கைலயே வெச்சிக்கினேன்” என்றவர் என்னைப் பார்த்தார். “நீதானே அது? ராயக்கோட்ட வரைக்கும் சீட்டு காலியாவே போச்சுய்யா. என் காலு ரெண்டும் உன்னத் திட்டுது.”

மிஸ் முடிச்சை அவிழ்க்க முடியாமல் தடுமாறினார். நாராயணம்மாவே அவிழ்த்தார். பாஸ்போர்ட் இருந்தது. மிஸ் அவரைக் கட்டிக்கொண்டார்.

“அழுவாத கண்ணு. எங்க நரசிம்ம சாமி மேல பாரத்தப் போட்டுத்தான் வண்டி ஏறினேன்.”

“எங்க சாமியும் உங்க பக்கத்துலதாம்மா நின்னுட்டு வந்திருப்பார்.”

“நின்னுக்கினா? சீட்டு காலியாத்தானே இருந்துச்சு, அவரயாவது உக்காரச் சொல்லியிருப்பனே!”

ராமப்பன் ஹாரன் அடித்தார். நாராயணம்மா ஏறிக்கொண்டார். மிஸ் காருக்கு ஓடினார். இரண்டும் போன பிறகுதான் என் கையில் அந்தத் துண்டு இருப்பதைப் பார்த்தேன்.

சற்று முன் மிஸ்ஸிடமிருந்து செய்தி வந்தது. இமிக்ரேஷன் தாண்டிவிட்டாராம். ‘நாராயணம்மாவுக்குச் சொல்’ என்று எழுதியிருக்கிறார். அவர் போன் நம்பரை நாங்கள் யாரும் வாங்கவில்லை.

துண்டைத் துவைத்துக் காயப் போட்டிருக்கிறேன்.

நாளை: ஷிஃப்ட் முடிந்ததும் ராயக்கோட்டை பஸ். ஏறும் முன் கண்டக்டரைக் கேட்க வேண்டும். தக்காளி மார்க்கெட்டில் ராமப்பன் வண்டியை விசாரித்து, துண்டை நாராயணம்மா கையில் கொடுக்க வேண்டும்.