பின் சீட்டில் உப்பு மூட்டை

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரவு வேலை முடிந்து காலையில் வீடு திரும்பியபோது எதிர் வீட்டு வாசலில் கார் நின்றிருந்தது. எழுபதாம் வருடத்து செவெல் மாடல், பச்சை. பின் சீட்டில் வலது ஓரமாக அந்த வீட்டுப் பெண்மணி. அவரை ஒட்டி ஓர் உப்பு மூட்டை, பனிக்காலத்தில் பனி உருக நடைபாதையில் தூவுவது. மூட்டைக்கு சீட் பெல்ட் போட்டிருந்தது. கணவர் பின்சக்கரத்தருகே தரையில் கிடந்தார். 

பார்த்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் நான் கட்டியது.

2

முதல் முயற்சி: [டொலீடோவில் மே மாதம் வந்தால் ஆண்கள் கராஜ் கதவைத் திறந்துவிட்டு]

இது நான் இருக்கும் அமெரிக்க ஊரின் பெருமை. வேண்டாம்.

இரண்டாவது: [டெல்பின் யாருக்கும் தெரியாமல் கைப்பைக்குள் நான்கு தக்காளி டின்களைப் போட்டுக்கொண்டு காரில் ஏறினாள். எடை குறைந்தது தெரியக்கூடாதே என்று]

இதை ஒரு வாரம் வைத்திருந்தேன். பிறகு அடித்தேன். டெல்பின் அவ்வளவு தந்திரக்காரி இல்லை. தந்திரம் செய்ய அவளுக்குத் தெம்பும் இல்லை.

(எதிர் வீட்டுப் பெண்மணி கதையில் டெல்பின், கணவர் நார்பர்ட். கதைக்குள் வந்துவிட்டவர்களை அவன், அவள் என்றுதான் எழுதப்போகிறேன். இருவருக்கும் அறுபது தாண்டிவிட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள்.)

3

விஷயத்தைக் கடைசிவரை ஒளித்துவைத்து வித்தை காட்ட எனக்கு அலுப்பாக இருக்கிறது. டெல்பினுக்கு வயிற்றில் கட்டி. மார்ச்சில் டாக்டர் சொல்லிவிட்டார். நார்பர்ட்டுக்குத் தெரியாது. பனிக்காலம் முழுக்க நிறுத்திவைத்த காரில் வருடத்தின் முதல் சவாரி முடியட்டும், ஏரிக்கரை வரை ஒருமுறை போய்வந்துவிட்டுச் சொல்லலாம் என்று அவள் தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கிறாள். இனி கேள்வி ஒன்றுதான்: அவனுக்கு அது எப்படித் தெரியவரும்?

எதிர் வீட்டுப் பெண்மணி நிஜத்தில் நலமாகவே இருக்கலாம். கட்டியை வைத்தது நான். அவசியமா என்று இன்னும் யோசிக்கிறேன்.

4

நார்பர்ட் பின்பக்கம் அகலமான டயர் போட்டிருந்தான். அந்த வண்டியில் வலதுபக்கம் டயருக்கு எப்போதும் இடம் கம்மி, எடை ஏறினால் மட்கார்டில் உரசும். போன அக்டோபரில் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே பேஸ்பால் மட்டையைச் செருகி, வண்டியை மெல்ல உருட்டி, மட்கார்டின் விளிம்பை உள்பக்கம் மடித்தான். அது போதாமல் வலது ஸ்பிரிங்குக்கு மேல் ஒரு ரப்பர் வளையத்தையும் ஏற்றினான். அப்புறம் டெல்பினைப் பின் சீட்டில் அந்தச் சக்கரத்துக்கு நேர்மேலே உட்காரவைத்து, ஒரு தச்சுப் பென்சிலை டயருக்கும் விளிம்புக்கும் இடையில் விட்டுப் பார்த்தான். உரசிக்கொண்டு நுழைந்தது. அதுதான் அளவு.

ஆனால் அந்த வளையத்தால் வண்டியின் பின்பக்கம் வலப்புறமாகத் தூக்கிக்கொண்டு நின்றது. பனிக்காலம் முழுக்க அவன் கண்ணை அது உறுத்தியது. வளையத்தைக் கழற்ற முடியுமா என்று பார்க்க, இன்று காலை மறுபடி கூப்பிட்டான்.

"வந்து உட்காரு."

"காப்பியாவது குடிக்க விடுறியா கிழவா?"

"கப்பை வெளிய வெச்சுட்டு ஏறு. காப்பியும் எடைதான்."

"கல்யாணமாகி நாப்பது வருஷம். கடைசில நான் உனக்கு எடைக்கல்லு."

"நல்ல எடைக்கல்லு. ஆடாம உட்காரு."

அவள் கோட்டோடு ஏறினாள். அவன் படுத்தபடி பென்சிலை விட்டான். உரசாமல் போனது. பக்கத்தில் சுண்டுவிரலையும் நுழைத்தான். அதுவும் போனது.

"சரியா உட்கார்ந்திருக்கியா?"

"இதுக்கு மேல எப்படி உட்கார்றது? வேணும்னா நீயே பாடம் எடு."

டயரில் காற்று பார்த்தான். சரியாக இருந்தது. அவளை இறங்கச் சொல்லி, காலி வண்டியின் உயரத்தை அளந்தான். அக்டோபரில் சாக்கட்டியால் போட்ட கோட்டிலேயே நின்றது. மறுபடி ஏறச் சொன்னான். மறுபடி பென்சிலும் விரலும் போயின.

ஸ்பிரிங் வயதானால் தொய்யும், நிமிராது. நாற்பது வருடமாக வண்டிக்கடியில் கிடக்கும் ஒருவனுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வண்டி மாறவில்லை. டயர் மாறவில்லை. மாறியிருப்பது ஏறி உட்கார்ந்திருப்பவளின் எடை.

"என்னாச்சு? வளையத்தைக் கழட்டிடலாமா?" என்றாள் மேலிருந்து. "இடம் நிறைய இருக்குன்னா நல்லதுதானே."

 எழுந்து கராஜுக்குள் போனான். பனிக்காலத்தில் மீந்த உப்பு மூட்டையைத் தூக்கிவந்து அவளை ஒட்டி வைத்தான், பெல்ட்டை மாட்டினான். மறுபடி படுத்தான்.

பென்சில் உரசிக்கொண்டு நுழைந்தது.

5

முடிவுகள்.

அ) நார்பர்ட் எழுந்து அவள் கையைப் பிடித்து [

இல்லை. அவன் கை முழுக்க கிரீஸ்.

ஆ) நார்பர்ட் ஒன்றும் கேட்கவில்லை. வளையத்தைக் கழற்றினான். அவளுடைய குறைந்த எடைக்கு ஏற்ப வண்டி அழகாகத் தாழ்ந்து நின்றது. [இதை எழுதிவிட்டு எனக்கே பிடிக்காமல் போனது. இப்படி எதையும் கேட்காதவர்கள் நிஜத்தில் இருக்கிறார்கள் என்பதாலும் கூட.]

இ) தரையில் கிடந்தபடியே கேட்டான்:

"இந்த மூட்டை எவ்வளவு இருக்கும்?"

பாதி தீர்ந்த மூட்டை. யாரும் நிறுத்துப் பார்த்ததில்லை.

"இருபத்தேழு பவுண்டு," என்றாள் டெல்பின்.

"எப்பலேர்ந்து?" என்றான்.

"மார்ச்."

"அந்த வளையம் இருக்கட்டும்," என்றான். எழுந்திருக்கவில்லை.

இந்த மூன்றில் இ-தான் பரவாயில்லை. ஆனால் அடுத்து அவன் எழுந்தாக வேண்டும். எழுந்தால் முகம் தெரியும். முகம் தெரிந்தால் நான் எதையாவது எழுத வேண்டியிருக்கும். ஆறு தடவை எழுப்பிப் பார்த்தேன். ஆறு தடவையும் பொய்.

நிஜத்தில் நான் திரையை இழுத்துவிட்டுப் படுத்துவிட்டேன். மதியம் எழுந்து பார்த்தபோது காரைக் காணோம். மூட்டை வாசலில் இருந்தது. பக்கத்தில் ஒரு கப், காப்பி அப்படியே.

ஏரிக்கரைக்கா, ஆஸ்பத்திரிக்கா, எனக்குத் தெரியாது. அவர்கள் திரும்பி வரும்போது நான் வேலையில் இருப்பேன். நீங்கள் விழித்திருந்தால், பின் சீட்டில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள்.