வாசல் தகடு

வேலுத்தாய் வேலை பார்த்த பட்டாசு ஆலையை ஆய்வுக்காகப் பத்து நாள் மூடியிருந்தார்கள். சீசன் நேரத்தில், பகல் பொழுதில், வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பது இருபத்திரண்டு வருடத்தில் அவளுக்கு இதுதான் முதல் தடவை. மூன்று நாள் தூங்கினாள். நான்காம் நாள் ஆடி பதினெட்டு. குளித்து, நல்ல சேலையாக ஒன்றைக் கட்டிக்கொண்டு, ஆமத்தூரில் பஸ் ஏறிச் சிவகாசியில் இறங்கினாள். மகள் ரோஜா வேலை பார்க்கும் தெருவைப் பார்க்க வேண்டும்.

ரோஜா வரச் சொல்லவில்லை. வராதே என்றும் சொன்னதில்லை. "அங்கன உனக்கு என்னம்மா இருக்கு?" என்று ஒரு தடவை கேட்டிருந்தாள். அதற்கு என்ன பதில் சொல்லியிருக்கலாம் என்று வேலுத்தாய் பல நாள் வெடிக்குழாய்களுக்கு மருந்து செலுத்திக்கொண்டே யோசித்திருக்கிறாள்.

ரோஜா அந்தக் காப்பிக்கடையில் சேர்ந்து நாளையோடு மூன்று மாதம். பிடித்திருந்தால் நிரந்தரமாக வைத்துக்கொள்வதாக முதலாளி அழகுமீனா சொல்லியிருந்தாள். இல்லையென்றால் ஆலைதான். போர்மேனிடம் வேலுத்தாய் முன்கூட்டியே ஒரு வார்த்தை போட்டு வைத்திருந்தாள். போட்டுவிட்டு வந்த ராத்திரி அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

கட்டிங் தெரு என்று அதற்குப் பெயர். ஒரு காலத்தில் வரிசையாகப் பேப்பர் வெட்டும் மிஷின்கள் ஓடிய தெரு. இப்போது பாதிக் கட்டடங்களில் மிஷின் ஓடுகிறது, மீதியில் சின்னச் சின்னக் கடைகள். ஆடி பதினெட்டுக்குப் புதுக் காலண்டர்களின் மாதிரி ஆல்பம் வெளியாகும் என்பதால் வெளியூர் ஏஜெண்டுகள் பெரிய பெரிய ஆல்பங்களைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அலைந்தார்கள்.

அவசரம் இல்லாமல் ஒவ்வொரு கடையாக நின்று பார்த்தாள். அச்சகங்களில் கழித்த தாளை வெட்டித் தைத்து நோட்டாக விற்கும் கடை ஒன்று இருந்தது. அட்டையைப் புரட்டினால் உள்ளே பாதி மயில், பாதி முருகன், ஒரு தீப்பெட்டி லேபிளின் ஓரம். அதை நடத்தும் பொன்மணி, "எழுதிப் பாருங்கக்கா" என்று பேனாவை நீட்டினாள். வேலுத்தாய் தன் பெயரை எழுதிப் பார்த்துவிட்டு நோட்டை மூடி வைத்தாள். பழைய பித்தளைச் சாமான் கடையில் ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். அதற்கடுத்து வாசனை மெழுகுவத்திக் கடை. விற்கும் பெண், "கொளுத்திக் காட்டட்டுமா அத்தை? மல்லிகை வாசம்" என்று லைட்டரை எடுத்ததும் வேலுத்தாய் நாலடி பின்னால் போய்விட்டாள்.

"என்ன அத்தை, இம்புட்டுப் பயம்?"

"பயமில்ல. பழக்கம்."

"பட்டாசுக் கம்பெனியா?"

வேலுத்தாய் தலையசைத்தாள். அந்தப் பெண் லைட்டரை உள்ளே வைத்துவிட்டு, "எங்க அம்மாவும்தான். எங்க வீட்டுல அடுப்பே நான்தான் பத்த வைக்கணும்" என்றாள்.

காப்பிக்கடை தெருக் கோடியில் இருந்தது. பழைய அச்சகக் குடோன். கீழே மேசை நாற்காலிகள், சுவர் முழுக்கப் படங்கள் மாட்ட இடம். மாதம் ஒரு ஓவியரின் வேலையை வைப்பார்கள் என்று ரோஜா சொல்லியிருந்தாள். வேலுத்தாய் செருப்பை வெளியே விட்டாள். உள்ளே எல்லாரும் செருப்போடு இருந்ததைக் கவனித்தாள். ஆனாலும் மறுபடி மாட்டிக்கொள்ள மனம் வரவில்லை. கதவை ஒட்டி, நெஞ்சு உயரத்தில் ஒரு செம்புத் தகடு தொங்கியது. அதன்மேல் வலது உள்ளங்கையைப் பதித்து, ஒரு மூச்சு விட்டு, உள்ளே காலெடுத்து வைத்தாள்.

"அம்மா."

ரோஜா கையில் தட்டோடு நின்றாள். அவள் அம்மாவைப் பார்க்கவில்லை, தகட்டைப் பார்த்தாள். வேலுத்தாயும் திரும்பிப் பார்த்தாள். தகடு முழுக்கப் பச்சையும் நீலமுமாகப் பொடி பூத்திருந்தது. அதன் நடுவில் ஐந்து விரலும் தெரிய ஒரு கை மட்டும் செம்பாகப் பளபளத்தது. அந்தப் பொடி இப்போது அவள் உள்ளங்கையில் இருந்தது.

சுவரோடு போன வரிசையில் அதே மாதிரி இன்னும் ஏழு தகடுகள்.

"என்னம்மா செஞ்சு வச்சிருக்க? அது படம்மா. சாயங்காலம் அஞ்சு மணிக்குக் கண்காட்சி திறப்பு."

"வாசல்ல இருந்துச்சு," என்றாள் வேலுத்தாய்.

ஆலையில் ஒவ்வொரு அறை வாசலிலும் செம்புத் தகடு உண்டு. அதைத் தொடாமல் யாரும் உள்ளே போகக் கூடாது. இருபத்திரண்டு வருடமாகப் புத்திக்குத் தெரியாமலே கை செய்கிற காரியம். ரோஜாவுக்கும் அது தெரியும். அதனால்தான் மேற்கொண்டு எதுவும் கேட்காமல், அம்மாவின் முழங்கையைப் பிடித்து மூலை மேசையில் உட்கார வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"பேசாம இரு. காலையிலேயே அழகுமீனா அக்கா என்னைய இங்கன கயிறு கட்டச் சொன்னாக, தொடாதீங்கன்னு அட்டை மாட்டச் சொன்னாக. நான் மாட்டல. இப்ப மாட்டிருதேன். சாயங்காலம் கூட்டத்துல யாரோ தொட்டுட்டாகன்னு இருக்கட்டும். நாளைக்கு ஒரு நாள் போயிருச்சுன்னா எனக்கு வேலை நிலைச்சிரும்."

ரோஜா அவள் முன்னால் ஒரு காப்பியை வைத்துவிட்டுப் போனாள். அதன் நுரையில் இலை மாதிரி ஒரு கோலம். அது மெல்லக் கலைவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வலது கையை மடியில் மூடி வைத்திருந்தாள்.

ஆலையில் வெடிமருந்து சிந்தினால் சிந்தியவள்தான் சொல்ல வேண்டும். சத்தமாக, உடனே. மற்றவர்கள் ஓடாமல் நடந்து வெளியேறுவார்கள். அப்புறம் போர்மேன் ஏசுவார், அது வேறு. கூட வேலை பார்த்த பாலம்மாள் ஒரு தடவை ஏச்சுக்குப் பயந்து, சிந்தியதைச் சாக்கால் மூடிவிட்டு வாயைத் திறக்காமல் இருந்தாள். அந்தச் சாக்கின்மேல் நாள் முழுக்க நாலு பேர் நடந்தார்கள். அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்குப் பிறகு வேலுத்தாய் எந்தச் சாக்கையும் தூக்கிப் பார்க்காமல் மிதித்ததில்லை.

இது மருந்தில்லை, வெறும் படம். யாரும் சாகப் போவதில்லை. சும்மா இருந்தால் மகள் ஆலைக்கு வர வேண்டியதில்லை. இதைத் திரும்பத் திரும்ப மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். காப்பி ஆறியது.

அழகுமீனா மாடியிலிருந்து இறங்கி வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். "ரோஜாவோட அம்மாவா? ஜாடை அப்படியே இருக்கு. சாப்பிட்டீகளா? எந்த ஊரு நீங்க?"

"ஆமத்தூருங்க."

"அட, நாங்களும் ஆமத்தூருதான்."

அடுத்து எந்தத் தெரு என்று கேட்பார்கள். வேலுத்தாய் காத்திருந்தாள். அழகுமீனா கேட்கவில்லை. நாற்காலியை இழுத்து எதிரே உட்கார்ந்து, "காப்பி பிடிக்கலையா?" என்றாள்.

வேலுத்தாய் எழுந்து நின்றாள். "இங்கன ஒண்ணு கெட்டுப்போச்சும்மா. நான்தான் கெடுத்தேன்." மூடியிருந்த கையை விரித்துக் காட்டினாள்.

அழகுமீனா கையைப் பார்த்தாள், பிறகு வாசலை. எழுந்து போய்த் தகட்டின் முன்னால் நின்றாள். கல்லாப் பக்கம் பார்க்காமலே கேட்டாள். "ரோஜா, கயிறு கட்டச் சொன்னேனே?"

"கட்டலக்கா. ஏஜெண்டுக கூட்டமா இருந்தாக." ரோஜா கல்லாவை விட்டு வெளியே வந்தாள். "கூட்டமில்லாத நேரமும் இருந்துச்சு. மறந்துட்டேன்."

ஓவியர் விக்னேஷ்குமார் மாடியில்தான் இருந்தார். காரியாபட்டிக்காரர். கூப்பிட்டதும் வந்து, தகட்டை ரொம்ப நேரம் பார்த்தார். உப்பும் வினிகரும் தெளித்து, பச்சை பூக்க நாலு மாதம் மொட்டைமாடியில் கிடத்தியது என்று யாரிடமோ சொல்வது மாதிரிச் சொன்னார். பிறகு வேலுத்தாயிடம், "இதுல எதுக்கும்மா கைய வச்சீக?" என்று கேட்டார்.

"காத்துல உடம்புல கரண்டு ஏறியிருக்கும். தகட்டத் தொட்டா இறங்கிரும், இல்லன்னா மருந்துல பொறி விழுந்துரும். தொடாம உள்ள போனா எங்கள வேலைக்கு விட மாட்டாக."

"இது காப்பிக்கடை."

"ஆமாய்யா. கைக்குத் தெரியல."

அவர் சிரிக்கவில்லை. அந்தக் கை அடையாளம் நன்றாக இருக்கிறது என்று ஒரு ஏஜெண்டு பக்கத்து மேசையிலிருந்து சொன்னபோது, "உங்க காலண்டர்ல போட்டுக்கோங்க" என்று சொல்லிவிட்டுத் தகட்டை ஆணியிலிருந்து கழற்றினார். துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு மாடியேறினார். வாசலோரம் ஆணி மட்டும் நின்றது.

அழகுமீனா ரோஜாவிடம் திரும்பினாள். "நீ நிரந்தரம்னு நாளைக்குச் சொல்றதா இருந்தேன். இப்ப சொல்ல மாட்டேன். இன்னும் ஒரு மாசம் பாப்போம்."

"சரிக்கா."

"மீதி ஏழுக்காவது கட்டு. கயிறு எங்க?"

ரோஜா கயிற்றை எடுக்கப் போனாள். வேலுத்தாய் ஆறிய காப்பியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு வெளியே வந்து செருப்பை மாட்டினாள். ரோஜா கயிற்றுச் சுருளோடு பின்னால் வந்தாள். இரண்டு பேரும் தெருவைப் பார்த்து நின்றார்கள். ஆடிக் காற்று ஒரு காலண்டர் தாளை உருட்டிக்கொண்டு போனது.

"நீ சும்மா இருந்திருந்தா நாளைக்கே முடிஞ்சிருக்கும்," என்றாள் ரோஜா.

மெழுகுவத்திக் கடைப் பெண் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

"போர்மேன்கிட்ட உனக்கு வேலை வேண்டாம்னு சொல்லிருதேன்," என்றாள் வேலுத்தாய்.

"ஒரு மாசம்னுதானே சொல்லிருக்காக, இன்னும் நிலைக்கலையே."

"ஒரு மாசம் இருக்குல்ல."

ரோஜா கயிற்றின் ஒரு நுனியை அம்மாவிடம் நீட்டினாள். "இதப் பிடி. இழுத்துக் கட்டணும், தொய்யக் கூடாது."

வேலுத்தாய் நுனியை வலது கையில் வாங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு, இடது கையால் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள்.