அண்ணன் அடித்த டிரம்ஸ்

விட்டுவிட்டேன் என்று சொல்ல ஒரு வினாடி போதும். எல்லாரும் அதற்காகத்தான் காத்திருக்கிறார்கள். சமையலறையில் தேங்காய் துருவுகிறவர்களும் முன்னறையில் பாய் விரிக்கிறவர்களும் என் முகத்தைப் பார்க்கிறார்கள், பார்க்காததுபோல் திரும்பிக்கொள்கிறார்கள். இக்லாஸாக இரு. மனசார விட்டுக்கொடுத்துவிடு. அழாதே, உன் கண்ணீர் அங்கே உன் புருஷனுக்குப் பாரம். இன்று நாற்பதாம் நாள் ஓதல், நாற்பது நாளாக இதையே கேட்கிறேன். நான் அழவே இல்லையே. அழாதவளிடம் ஏன் அழாதே என்கிறார்கள்? என் முகத்தில் இருப்பது அழுகை இல்லை என்று அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. அதற்குப் பெயர் சொல்லத்தான் பயம்.

"மிமின், இன்னும் எவ்வளவு பூண்டு உரிப்ப? ஓதிட்டு சாப்பிட்டுப் போறவங்க வாயைத் திறந்தா தெருவே மயங்கி விழும்."

இப்படி உள்ளுக்குள் பேசிக்கொண்டிருந்த மிமின் கையிலிருந்து ரொகாயா முறத்தை வாங்கினாள். தறிக்கூடத்தில் பதினெட்டு வருடமாக அடுத்த தறி. மிமினைவிட ஐந்து வயது மூத்தவள், அதனால் அவளுக்குத் தேத்தே, அக்கா.

"இருக்கட்டும், தேத்தே. கைக்கு ஏதாவது வேலை வேணும்."

"காதுக்கு வேலை குடுத்திருக்கியே, போதாதா?" ரொகாயா குனிந்து மிமினின் முக்காட்டு ஓரத்தை விரலால் தூக்கிப் பார்த்தாள். இடது காதில் கறுப்பு வயர். "மறுபடியும் அந்தப் பேய்ப்பாட்டா? இன்னைக்காவது அதுக்கு லீவு குடேன்."

"லீவு குடுத்தா நான் பேயாயிடுவேன்."

ரொகாயா சிரித்தாள். பிறகு சாவு வீட்டில் சிரித்ததற்காக வாயைப் பொத்திக்கொண்டாள்.

கணவன் சுதிஸ்னா இருந்திருந்தால் அவனும் சிரித்திருப்பான். கல்யாணமான புதிதில் அவள் தன் அண்ணன் குழுவின் பழைய கேசட்டைப் போட்டபோது, ஆலைக் கொதிகலன் அறையில் வேலை முடிந்து, கரி படிந்த சட்டையோடு வாசலில் நின்று கேட்டான்: "உங்க அண்ணன் பாட்டா இது? நான் பக்கத்து வீட்டு மாடு கன்னு போடுதுன்னு ஓடி வந்தேன்." அன்றைக்குக் கேசட்டைப் பிஸ்கட் டின்னுக்குள் பித்தான்களுக்கு அடியில் போட்டவள், பதினாறு வருடம் எடுக்கவில்லை. எடுக்கத் தேவைப்படவில்லை என்பதுதான் உண்மை. சந்தோஷமாக இருந்தாள்.

அவன் இறந்த மூன்றாம் நாள் பித்தான் தேடப் போய் அது கையில் வந்தது. போட்டுக் கேட்க வீட்டில் இயந்திரம் இல்லை. மகள் ரெங்கானிஸ் கேசட் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு போனில் தேடினாள். யாரோ முகம் தெரியாத ஒருவர் அந்த நான்கு பாட்டையும் இணையத்தில் ஏற்றி வைத்திருந்தார். "அம்மா, மாமா பாட்டை நானூத்திப் பதினோரு பேர் கேட்டிருக்காங்க!" என்றாள். அப்பா போனபின் அவள் குரலில் ஏற்றம் வந்தது அப்போதுதான். இரண்டு நிமிடம் கேட்டுவிட்டு வயரைக் கழற்றினாள். "இதுல எங்கேம்மா பாட்டு இருக்கு?"

இருந்தது. உறைக்குள் மடித்து வைத்த தாளில் பாட்டு வரிகளை எழுதியதே மிமின்தான். அவளுக்குப் பதினைந்து வயது. வகுப்பில் நல்ல கையெழுத்து அவளுடையது என்பதால் அண்ணன் ஜாஜாங் அவளை உட்கார்த்தி எழுத வைத்தான். ஊரில் அவனைக் கங் ஜாஜாங் என்பார்கள், கங் என்றால் அண்ணன். அவளுக்கு வெறும் கங். அவன் டிரம்ஸ் அடிப்பான். பாடுகிறவன் அடித்தொண்டையிலிருந்து உறுமுவான். ஒரு சொல்லும் வெளியாருக்குப் புரியாது. குழுவில் இருந்தவர்கள் எல்லாருமே நெசவு ஆலைத் தொழிலாளிகளின் பிள்ளைகள். சேற்று வயல் இருந்த இடத்தில் ஆலை வந்து, ஆலைச் சுவரை ஒட்டி வீடு வந்து, தொட்டிலிலிருந்தே தறிச் சத்தத்தில் தூங்கியவர்கள். அமைதியான பாட்டு அவர்களுக்கு ஏதோ ரிப்பேர் ஆனதுபோல் கேட்கும்.

கடைசிப் பாட்டு அப்பாவைப் பற்றியது. தறியின் பல்சக்கரம் அப்பாவின் வலது கை விரல்கள் மூன்றைத் தின்றது. ஆலைக்காரர்கள் ஒரு தாளோடு வந்தார்கள். இது இறைவன் விதித்த விபத்து, மனசார ஏற்றுக்கொள்கிறேன் என்று அச்சடித்திருந்தது. அப்பா இடது கையால் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டார். அன்றைக்கு ஜாஜாங் பின்கட்டில் ஒரு காலி எண்ணெய்ப் பீப்பாயைக் கட்டையால் அடித்துக்கொண்டே இருந்தான். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. அப்பாகூட. அந்தப் பீப்பாய்ச் சத்தம்தான் பிறகு பாட்டானது. அதில் ஒரு வரி, மிமின் தன் நல்ல கையெழுத்தில் எழுதியது: விரலைத் தின்றாய், கையெழுத்தையும் கேட்கிறாய்.

கேசட் கையில் வந்த நாளிலிருந்து அந்தப் பாட்டுதான். ஆறரை நிமிடம். காலையில் அரிசி களையும்போது, ஆலைக்கு நடக்கும்போது, சுதிஸ்னாவின் சட்டைகளை மடித்துவைத்து, மறுபடி பிரித்து, மறுபடி மடிக்கும்போது. முதல் நாள் நெஞ்சு வெடித்துவிடும் என்று நினைத்தாள். வெடிக்கவில்லை. உள்ளே இடம் தெரியாமல் முட்டிக்கொண்டிருந்த ஒன்று அந்தச் சத்தத்தைக் கேட்டதும் எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தது, அவ்வளவுதான். பாட்டு முடிந்ததும் அவளால் அடுப்புப் பற்றவைக்க முடிந்தது. ஓதுகிறவர்களின் மெல்லிய குரல் அவளைப் படுக்கச் சொன்னது. இந்த உறுமல் எழுந்து நிற்கச் சொன்னது. எது பாவம் எது புண்ணியம் என்று அவள் யோசிக்கவில்லை. அவளுக்கு நிற்க வேண்டியிருந்தது.

பாட்டுக்குக் கீழே சிலர் எழுதியும் வைத்திருந்தார்கள். ஒருவர்: மனைவிக்குக் கீமோ ஏற்றும்போது வெளியே பெஞ்சில் உட்கார்ந்து கேட்டேன். இன்னொருவர், பெண் பெயர்: புருஷன் என்னை அடித்தபோதெல்லாம் இதை மனதுக்குள் ஓட்டுவேன், இப்போது தனியாக இருக்கிறேன், இன்னும் கேட்கிறேன். மிமின் அவற்றைத் திரும்பத் திரும்பப் படித்தாள். தானும் ஒரு வரி எழுதப் பார்த்தாள். என் கணவர், என்று தட்டி அழித்துவிட்டாள். அதற்குமேல் எழுதினால் நாற்பது நாளாகப் பூட்டி வைத்திருந்ததை எழுத வேண்டியிருக்கும்.

அது இதுதான். தறிக்கூடத்தில் இருநூறு தறி ஓடும்போது பக்கத்தில் நிற்பவள் கத்தினாலும் கேட்காது. அதனால் அங்கே உதட்டால் பேசுவார்கள். குரல் வராது, வாய் மட்டும் அசையும். மாமியார் சண்டை, சந்தை விலை, யாருக்கு மாதம் தள்ளிப்போனது எல்லாமே உதட்டில் ஓடும். நாற்பது அடி தூரத்திலிருந்து பதில் வரும். பழுது பார்க்கும் பிரிவில் மேஸ்திரியான ஜாஜாங்கும் வந்த வருடமே கற்றுக்கொண்டான். மேலாளர் புதியவர், அவருக்குத் தெரியாது. தறிக்கூடத்தை ஒட்டிய அறையில் பெரிய கண்ணாடி ஜன்னல். கதவை மூடிவிட்டால் பேசுவது வெளியே போகாது என்று நினைப்பார்.

அவன் இறந்த அன்று சாயப் பிரிவின் பக்கம், கொதிகலன் அறை இருக்கும் இடத்தில், தரை ஒருமுறை அதிர்ந்தது. பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். கண்ணாடிக்குப் பின்னால் ஜாஜாங் ஓடி வந்து நின்றான். மிமின் அவன் உதட்டைப் பார்த்தாள். பார்க்க வேண்டும் என்று பார்க்கவில்லை, பழக்கம்.

"பாய்லர் சேஃப்டி வால்வைக் கம்பியால கட்டச் சொன்னது நீங்கதானே. ரெண்டு வாரமா கட்டித்தானே இருக்கு. நான் வேணாம்னு சொன்னேன்."

மேலாளரின் முதுகுதான் தெரிந்தது. ஜாஜாங் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு அவன் உதடு மறுபடி அசைந்தது.

"உள்ளே சுதிஸ்னா மட்டுந்தான் இருந்தான். சரி. சொல்ல மாட்டேன்."

இப்படித்தான் கணவன் இறந்தது அவளுக்குத் தெரிந்தது. அண்ணன் வெளியே வந்து தோளைப் பிடித்து "நெங்..." என்று, தங்கச்சியைக் கூப்பிடும் சொல்லோடு தொடங்கியபோது, அவள் அந்தச் செய்தியை ஒருமுறை கேட்டு முடித்திருந்தாள். அண்ணன் நிஜமாகவே அழுதான். அதுதான் அவளுக்கு இன்னும் பிடிபடாத இடம்.

அஸர் தொழுகை முடிந்து வெயில் சாய்ந்தபோது ஜாஜாங் வந்தான். கூடவே ஆலையின் பணியாளர் அதிகாரி பாக் ஹெந்திராவான், இஸ்திரி கலையாத பாத்திக் சட்டையில். ஆலை வண்டியிலிருந்து இரண்டு அட்டைப் பெட்டிகள் இறங்கின. நாற்பதாம் நாளுக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் யாசின் ஓதும் புத்தகங்கள். அட்டையில் சுதிஸ்னாவின் படம், அடையாள அட்டைக்கு எடுத்தது, ஏதோ தப்புச் செய்து மாட்டிக்கொண்டவன் போல. பின்னட்டையில் ஆலையின் பெயர், தங்க எழுத்தில்.

"நிறுவனத்தோட செலவும்மா. எங்க குடும்பத்துல ஒருத்தர் மாதிரி அவரு," என்றார் அதிகாரி.

ரொகாயா டீயும் பொரித்த அரிசி வடகமும் வைத்தாள். போகும்போது மிமினைப் பார்த்து வாயசைத்தாள்: "சட்டையப் பாரு, பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி." மிமின் சிரிக்கவில்லை. சிரிப்பு வராமல் இல்லை.

ஜாஜாங் கையில் கொண்டுவந்த உறையைப் பிரித்து ஒரு தாளைப் பாயில் வைத்தான். முத்திரை வில்லை ஏற்கெனவே ஒட்டியிருந்தது. அவள் பெயர் அச்சடித்திருந்தது. பணியாளரின் கவனக்குறைவால் நேர்ந்த இந்த விபத்தை இறைவன் விதித்ததென மனசார ஏற்கிறோம். மேற்கொண்டு எந்த விசாரணையும் கோர மாட்டோம்.

"ஒரு கையெழுத்துதான், நெங்."

"யாரோட கவனக்குறைவு, கங்?"

"அது... சும்மா எழுதற வாசகம். எல்லாத்துக்கும் இப்படித்தான் எழுதுவாங்க." அவன் டீயை எடுத்தான், குடிக்காமல் வைத்தான். "திங்கக்கிழமை தொழிலாளர் ஆபீஸ்லேருந்து வர்றாங்க. அதுக்குள்ள குடும்பம் ஒத்துக்கிட்டுதுன்னா ஃபைலை மூடிடுவாங்க. இல்லேன்னா தோண்டுவாங்க. இழுக்கும். வருஷக்கணக்கா இழுக்கும்."

"ரெங்கானிஸ் ஸ்கூல் முடிக்கிற வரைக்கும் நிறுவனம் பாத்துக்கும்மா," என்றார் அதிகாரி. "அண்ணன் சொல்றாரு, நல்லா படிக்கிற பொண்ணாமே."

"செத்தவன் வரப்போறதில்ல," என்றான் ஜாஜாங். "நீ மனசார விட்டாத்தான் அவனும் நிம்மதியாப் போவான். நான் உனக்குக் கெட்டது சொல்லுவேனா? சின்னப் பிள்ளையிலேருந்து உன்னைத் தூக்கி வளத்தவன்டி."

வளர்த்தவன்தான். கேசட் கடைக்கு சைக்கிளின் முன்கம்பியில் உட்கார்த்திக் கூட்டிப்போனவன். பள்ளியில் அவளைத் தறிக்காரன் மகள் என்று கேலி செய்த அன்று, தன் ஹெட்போனைக் கழற்றி அவள் தலையில் மாட்டி, "சத்தத்தைக் கூட்டு, பயம் குறையும்," என்றவன். இருபத்தாறு வருடம் கழித்து அதைத்தான் செய்துகொண்டிருக்கிறாள். அவன்மீது வந்த கோபத்தை அவன் டிரம்ஸை வைத்தே தாங்கிக்கொண்டிருந்தாள். இப்படி ஒன்று உலகத்தில் வேறு யாருக்காவது நடக்குமா என்று நினைத்தபோது அவளுக்குத் தன் அண்ணன்மேல் பரிதாபமாக இருந்தது. பரிதாபம் வந்தால் கையெழுத்துப் போட்டுவிடுவோமோ என்று பயமாகவும் இருந்தது.

பேனாவை எடுத்தாள். அதிகாரி மெல்ல மூச்சுவிட்டார்.

அப்போது பாயில் ஒரு அதிர்வு. ஜாஜாங் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தான். அவன் வலது முழங்கால் துடித்துக்கொண்டிருந்தது. பதற்றம் வந்தால் அப்படித்தான். டிரம்ஸை விற்று இருபது வருடமாகியும் கால் விடவில்லை. வேகமாக, சீராக, இரண்டிரண்டாக. அவள் இடது காதில் ஓடிக்கொண்டிருந்த பாட்டும் அதே இடத்துக்கு வந்தது. பீப்பாய்ச் சத்தத்தில் தொடங்கும் இடம். காலும் பாட்டும் சற்று நேரம் ஒன்றாகப் போயின. பிறகு கால் பின்தங்கியது.

அவள் நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தாள். குரலில்லாமல் வாயை மட்டும் அசைத்தாள், தறிக்கூடத்தில் அசைப்பதுபோல்.

*கம்பியால கட்டினது. கண்ணாடி வழியாப் பாத்தேன்.*

அவன் முழங்கால் நின்றது. அதிகாரியின் பக்கம் கண்ணைத் திருப்பினான், திரும்ப அவளிடம் வந்தான். அவன் உதடுகள் அசைந்தன, அந்த நாளைப் போலவே.

*எப்பலேருந்து தெரியும்?*

*அன்னையிலேருந்து.*

*என்னை ஜெயில்ல போடுவாங்க, நெங். கட்டினது என் கை.*

*தெரியும்.*

முன்வாசலில் பிள்ளைகள் செருப்புகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மசூதி ஒலிபெருக்கியை யாரோ ஊதிச் சோதித்தார்கள்.

"என்னம்மா, பேனா எழுதலையா?" அதிகாரி தன் சட்டைப் பையிலிருந்து இன்னொன்றை எடுத்து நீட்டினார். "இது நல்லா எழுதும்."

மிமின் அதை வாங்கவில்லை. கையிலிருந்த பேனாவை மூடியால் மூடினாள். தாளின் மேல் வைத்தாள். தாளை அவர்கள் பக்கமாகத் திருப்பி, மெதுவாக, டீக்கோப்பையில் படாமல் தள்ளினாள். பிறகு அண்ணனைப் பார்த்து ஒரே ஒரு சொல்லுக்கு உதட்டை அசைத்தாள்.

"என்ன சொல்றாங்க?" அதிகாரி இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். "ஜாஜாங், என்ன சொல்றாங்க?"

ஜாஜாங் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"போட மாட்டாளாம்," என்றான்.