போன வருசத்துக் கும்பிடு

கிட்ட வாருங்கள் பிள்ளைகளே, போர்வைக்குள் காலை நுழைத்துக்கொள்ளுங்கள், பனித்தரையில் இறங்கிய ஒருத்தி அதை விட்டு எப்படிக் கரையேறினாள் என்று சொல்கிறேன், நீல உடுப்பில் சுழல்கிறாள், ஒற்றைக் காலில், முகம் தெரியாத வேகத்தில், அந்த உடுப்புக்கு மணி கோத்துத் தைத்தவள் நான்தான், அவள் யதுஷா, என் தம்பி தில்லைநாதனின் ஒரே மகள், பனிச்சறுக்கு நடனத்தில் இந்தக் கனடாவுக்கே சாம்பியன், சுழற்சி நடப்பது ஆஸ்பத்திரிச் சுவரில் தொங்கும் தொலைக்காட்சிப் பெட்டிக்குள், எதிரே கட்டிலில் தம்பி, ஒரு பிடி எலும்பாகக் கிடக்கிறான், சுழல்கிறவளோ அதே நேரம் கதவுக்கு வெளியே ஊன்றுகோலில் சாய்ந்து நிற்கிறாள்.

இடுப்பு எலும்பு வெடித்திருக்கிறது, இனி ஒரு தாவல் தாவினால் நடக்கவே முடியாது என்று டொக்டர் சொன்னதும் இந்த வருடப் போட்டியிலிருந்து விலகிவிட்டாள், அதை அப்பாவிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை, சாம்பியன் எண்டால் சனத்துக்கு முன்னால கும்பிட்டுட்டுப் போகோணும் பிள்ளை, பின்கதவால ஓடக்கூடாது, என்று டாக்சியில் பயிற்சிக்கு ஏற்றிப்போகும் வழியெல்லாம் அவன் சொல்லிச் சொல்லி வளர்த்த பிள்ளை, ஓடிப்போனவள் என்று நினைத்துக்கொண்டு கண்ணை மூடிவிடுவானோ என்று நடுங்குகிறாள், மாமி, போன வருசத்து ஆட்டத்தைப் போட்டுவிடுங்கோ, இண்டைக்கு நடக்குது எண்டு சொல்லுங்கோ, மருந்து மயக்கத்தில அப்பாவுக்கு விளங்காது, என்று என்னிடம் கெஞ்சினாள், போட்டேன், அவள் தாவும்போதெல்லாம் அவன் மூச்சைப் பிடிக்கிறான், தரையில் கால் பட்டதும் விடுகிறான், ஆட்டம் முடிந்து நாலு பக்கமும் குனிந்து கும்பிடுகிறாள், சனம் எழும்பி நின்று கைதட்டுகிறது, அப்பாடா என்று நான் பெட்டியை அணைக்கக் கை நீட்டுவதற்குள், நாங்கள் இருவருமே யோசிக்காத ஒன்று திரையில் வந்துவிட்டது, புள்ளி வரும்வரை காத்திருக்கும் வாங்குப் பலகையில் அவளுக்குப் பக்கத்தில், சிவப்புக் கம்பளித் தொப்பியோடு, கொழுத்த கன்னமெல்லாம் கண்ணீராக, என் தம்பி.

அக்கா, அந்தத் தொப்பிக்காரன் ஆர், என்று கேட்கிறான், நல்லாச் சாப்பிடுற ஆள் போல, என்று சிரிக்கிறான், சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்கி, அவள் எங்கை, வெளியிலயோ நிக்கிறாள், கூப்பிடு, என்கிறான், வந்தாள், தலையைத் தூக்காமல், அப்பா நான் விலகிட்டன், பின்கதவால ஓடிட்டன் அப்பா, அவன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான், விசரி, எங்கை ஓடினனி, போன வருசமே எல்லாரையும் கும்பிட்டுட்டுத்தானே வெளிய வந்திருக்கிறாய், அதுதான் கடைசி எண்டு எங்களுக்குத்தான் தெரியேல்லை, காணும் பிள்ளை, ஆடினது போதும், காலை நீட்டி இரு, கட்டில் ஓரத்தில் அவள் காலை நீட்டி இருந்தாள், சின்னப் பிள்ளை போல வாய்விட்டு அழுதாள், அந்தக் கிழமையே அவன் போய்விட்டான், செத்தவீட்டில் தேத்தண்ணிக் கோப்பையோடு யாரோ கேட்கிறார்கள், அடுத்த போட்டி எப்ப பிள்ளை, கேட்டது போன மாசமா, பத்து வருடத்துக்கு முன்பா, எனக்கு இப்போது பிடிபடுவதில்லை, முடிஞ்சுது அன்ரி, கும்பிட்டாச்சு, என்கிறாள், குரல் உடைகிறது, தலை குனியவில்லை, பிள்ளைகளே, உங்கள் வீடுகளில் களைத்து வருகிற எவருக்கும் காணும் என்று சொல்ல ஒரு வாய் இருக்கட்டும், அந்த வாய் நெடுநாள் இருக்கட்டும்.